தூத்துக்குடியிலிருந்து அசாமின் திப்ருகருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்க்கோட்டில் சுமார் 2,745 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்து "மூன்றரை மணி நேரம்" என்று சொல்பவர்களை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

வழக்கமான வழி, தூத்துக்குடி விமான நிலையமான வாகைகுளத்தில் ஏறி சென்னை, கொல்கத்தாவில் மாறி, திப்ருகர் விமான நிலையமான மோகன்பாரியில் இறங்குவது. சென்னைக்கு 530 கி.மீ., அங்கிருந்து கொல்கத்தாவுக்கு 1,385, பிறகு திப்ருகருக்கு 850, மொத்தம் 2,765. சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அதே நேர்க்கோட்டில் இருப்பதால் இரண்டு முறை இறங்கி ஏறியும் கூடுவது 20 கி.மீ. தான். டெல்லி வழியாகச் சுற்றினால் 4,050 கி.மீ. ஆகிவிடும். கட்டணம் ரொம்பக் குறைவாக இருந்தாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பறக்கும் நேரம்: சென்னைக்கு ஒன்றரை மணி, கொல்கத்தாவுக்கு 2 மணி 20 நிமிடம், கடைசிக் கட்டம் 1 மணி 40 நிமிடம். ஆக ஐந்தரை மணி. தூரத்தில் சின்னதான முதல் கட்டம் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் ஏடிஆர் எனும் சிறிய புரொப்பெல்லர் விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். வாகைகுளம் ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான் இருந்தது, அதில் பெரிய ஜெட் இறங்க முடியாது. 2025இல் 3,000 மீட்டராக நீட்டித் திறந்தார்கள். டிக்கெட்டில் எந்த வகை விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி நேரத்தையெல்லாம் காத்திருப்பு தின்னும். இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு மணி என்று வைத்தாலே ஒன்பதரை மணி. விமான நிலையத்துக்கு முன்கூட்டிப் போவதையும் சேர்த்தால் 11, 12. நேரம் பொருந்தாவிட்டால் கொல்கத்தாவில் ஓர் இரவு.

அதனால் பயணத்தைக் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள். மூன்று கட்டங்களில் சென்னை–கொல்கத்தாவுக்குத்தான் விமானம் தாராளம். முதலில் கொல்கத்தா–திப்ருகர் நேரத்தைப் பிடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப அமையுங்கள். மூன்றும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) இருக்கட்டும். தனித்தனியாகப் போட்டால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். முதல் விமானம் 40 நிமிடம் தாமதமானாலும் அடுத்தது போச்சு, பணமும் போச்சு. தனி டிக்கெட் என்றால் குறைந்தது மூன்றரை மணி இடைவெளி விடுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தாவில் காலை மூடுபனி. ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை. நவம்பரில் சென்னையில் புயல்மழை. குளிர்காலத்தில் மேலடுக்கில் மேற்குக் காற்று பலமாக வீசுவதால் கொல்கத்தாவிலிருந்து போகும்போது சற்றுச் சீக்கிரம் சேரும், திரும்பும்போது பத்து நிமிடமாவது கூடும். கடிகாரம் ஒன்றுதான் என்றாலும் திப்ருகரில் சூரியன் நம்மைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி. டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டு, ஊருக்குள் போக வண்டியை முன்பே சொல்லிவையுங்கள்.

கொல்கத்தாவில் கடைசி விமானம் தவறினால் குவாஹாட்டிக்கு இடம் தேடுங்கள். அங்கிருந்து திப்ருகர் சாலையில் சுமார் 440 கி.மீ.; இரவு ரயிலும் பேருந்தும் உண்டு.

ரயிலிலேயே போகலாமா என்றால், கன்னியாகுமரியில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கேரளா வழியாகச் சுற்றி சுமார் 4,200 கி.மீ., 70 மணி நேரத்துக்கு மேல்.