முடக்குவாதம், லூபஸ் இருந்தால் அக்கி தடுப்பூசி போடலாமா? உங்கள் கேள்விகள்

முடக்குவாதத்துக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். தடுப்பூசியாலேயே அக்கி வந்துவிடாதா?

வராது. அந்தப் பயம் பழைய ஸோஸ்டாவாக்ஸ் ஊசியால் வந்தது, அதில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருந்தது. இப்போதைய ஷிங்ரிக்ஸில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றும், எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருளும்தான். 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இதற்காக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் நிறுத்தலாம் என்பது ஃப்ளூ ஊசிக்கான பேச்சு, அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் எனக்கு, வயது 38. ஐம்பதுக்கு மேல்தானே போடுவார்கள்?

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஐம்பது. நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 19 வயதிலிருந்தே போடலாம் என்று அமெரிக்காவில் 2021-லேயே பரிந்துரைத்துவிட்டார்கள். இரண்டு டோஸ். வழக்கமாக 2 முதல் 6 மாத இடைவெளி, உங்களைப் போன்றவர்களுக்கு 1 முதல் 2 மாதத்திலேயே முடிக்கலாம்.

அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏறுகிறது, ஸ்டீராய்டும் உண்டு. எப்போது போடுவது?

இங்கேதான் நேரம் பார்க்க வேண்டும். அடுத்த ரிட்டுக்ஸிமாப் வரும் சமயத்தில் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, ரிட்டுக்ஸிமாபைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளி ஏற்றுவார்கள். ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால், அளவு குறையும்வரை காத்திருப்பது நல்லது. 10-க்குள் என்றால் தாராளமாகப் போடலாம். அப்புறம் ஒன்று, முடக்குவாதத்துக்குத் தரும் டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள் அக்கி வரும் வாய்ப்பை நன்றாகவே கூட்டும். அதைத் தொடங்கப்போகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

போட்டால் மூட்டுவலி கிளம்புமா?

சிலருக்கு லேசாகக் கிளம்பி அடங்கும். கைவலி, காய்ச்சல், அசதி இரண்டு மூன்று நாள் படுத்தும். இரண்டாவது டோஸை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

போன வருடம் அக்கி வந்து, ஊரில் காவி வைத்து எழுதினோம், சரியானது. இனியும் ஊசி வேண்டுமா?

வேண்டும், அக்கி திரும்பவும் வரலாம். காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வைரஸ், சின்னம்மை வந்த நாளிலிருந்தே நரம்புக்குள் ஒளிந்து கிடப்பது, அதற்கு மேல்பூச்சு எட்டாது. மறுபடி ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரி மருந்து தொடங்கியாக வேண்டும், தாமதமானால் அக்கியால் வரும் நரம்புவலி மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்யக்கூடும். மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ கொப்புளம் தெரிந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.