மார்பகத்தை முழுவதுமாக அகற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 46, மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. இடது மார்பில் இரண்டரை செ.மீ. கட்டி இருக்கிறது. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அக்குளில் நெறிகட்டி இல்லை. ஒரு மருத்துவர் மார்பகத்தை முழுவதும் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் கீமோதெரபி கொடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள் (பெண்மை ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) இரண்டும் பாசிட்டிவ் என்றும், அவற்றுக்குக் கீழே ‘ஹெர்-2: 2+’ என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் மாறுபடுவதற்கு அநேகமாக இந்தக் கடைசி வரிதான் காரணம். ஹெர்-2 என்பது புற்றணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். அதன் அளவு 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது எந்தப் பக்கமும் சொல்ல முடியாத நிலை. பயாப்சியில் எடுத்த அதே திசுவில் ‘ஃபிஷ்’ என்ற பரிசோதனையைச் செய்தால் விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் மறுபடி ஊசி குத்தத் தேவையிருக்காது.

அது பாசிட்டிவ் என்று வந்தால், கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருப்பதால், கீமோதெரபியுடன், ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தையும் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அறுவை சிகிச்சை செய்வதே பொதுவாக நல்லது. கட்டி சுருங்கும் என்பதோடு, மருந்துக்கு அது எந்த அளவுக்குக் கட்டுப்பட்டது என்பதை வைத்தே அடுத்த மருந்தையும் தீர்மானிக்க முடியும். டிராஸ்டுசுமாப் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலும் இடையிடையேயும் எக்கோ எடுக்க வேண்டும். கட்டி தடம் தெரியாமல் மறைந்துவிடவும் கூடும்; ஆகவே அது இருந்த இடம் பிறகு அறுவை சிகிச்சையின்போது தெரிய, முதல் ஊசிக்கு முன்பே அதனுள் சிறு உலோகக் கிளிப் ஒன்றைப் பொருத்துவார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதலில். கீமோ தேவையா என்பது அதன்பின் வரும் முழு அறிக்கையைப் பொறுத்தது. எப்படியானாலும் ஈ.ஆர். பாசிட்டிவ் என்பதால், குறைந்தது 5 ஆண்டுகளுக்கு டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை உண்டு.

மார்பகத்தை முழுவதும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வலுவாக இருக்கிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரு வகைச் சிகிச்சை பெற்ற பெண்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட முடிவுகள், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறையவில்லை என்றே காட்டின. அதே மார்பில் நோய் மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு மட்டும் சற்று அதிகம். கட்டி அதே மார்பகத்தின் பல இடங்களில் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத உடல்நிலை இருந்தாலோ முழுவதும் எடுப்பதே சரி. இப்போது கதிர்வீச்சு பலருக்கு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. அந்த வசதியுள்ள ஊரில் அத்தனை நாள் தங்கவோ, தினமும் போய்வரவோ முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துவையுங்கள்.

ஃபிஷ் முடிவுக்காக ஓரிரு வாரம் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. அது வரும் முன் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் மனைவி என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.