கோலாலம்பூருக்குள் போகாமல் பினாங்கு போவது எப்படி? காரில் கிளம்புகிறவர்களுக்குப் பதில்கள்

பள்ளி விடுமுறை வந்தாலே என்னிடம் வழி கேட்பவர்கள் அதிகம். இருபது வருடமாகச் சிங்கப்பூரிலிருந்து வடக்கே ஓட்டிப் போய் வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக அவர்கள் இருக்கும் சிங்கப்பூர்ப் பேட்டையைப் போட்டிருக்கிறேன்.

செங்காங்: குடும்பத்தோடு பினாங்கு போகிறோம். போனமுறை கேஎல் (கோலாலம்பூர்) ஜாமில் இரண்டு மணி நேரம் போனது. வேறு வழி?

இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் நெடுஞ்சாலை நேராகப் போனால் சுங்கை பெசியில் கொண்டுபோய் விடும். அதன் பிறகு நகரத்துப் போக்குவரத்துதான். அதுவரை போகாதீர்கள். சிரம்பான் தாண்டி நீலாய் வந்ததும் எலீட் நெடுஞ்சாலைக்குப் பிரியுங்கள். பலகையில் கேஎல்ஐஏ என்று பார்த்ததும், 'இது விமான நிலையத்துக்குப் போகிற பாதை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதே சாலைதான் ஷா ஆலம் வரை போகிறது. அங்கே என்கேவிஇ நெடுஞ்சாலையில் ஏறினால் புக்கிட் லஞ்சான், ரவாங், தஞ்சோங் மாலிம், அப்புறம் ஈப்போ.

ஆனால் பாதை மாறினால் மட்டும் போதாது, மணியும் சரியாக இருக்க வேண்டும். ஷா ஆலமுக்கும் புக்கிட் லஞ்சானுக்கும் நடுவே வேலைக்குப் போகும் நேரத்திலும் வேலை விடும் நேரத்திலும் வண்டி நகராது. அதனால் ஷா ஆலமை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை 7 மணிக்குள் துவாஸ் எல்லைச் சாவடியைக் கடந்து, பாகோ ஓய்விடத்தில் அரைமணி நேரம் நின்று போனால், நீலாய் வரும்போது 11 மணி ஆகும். அரைமணியில் ஷா ஆலம். சாலை காலியாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு தாப்பா போய்விடலாம்.

அதையும் மீறி என்கேவிஇ நின்றுவிட்டால், புக்கிட் ஜெலுத்தோங்கில் கத்ரி நெடுஞ்சாலைக்குத் திரும்பி ரவாங் பக்கம் போய் ஏறிக்கொள்ளலாம்.

ஈசூன்: எல்லையைக் கடக்க உட்லண்ட்ஸா துவாஸா?

ஜேபியில் (ஜொகூர் பாருவில்) வேலை இல்லையென்றால் துவாஸ். டோல் கூடுதல்தான், ஆனால் ஜேபி டவுனைத் தொடாமல் செனாய் பக்கம் நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் இரண்டும் வேண்டாம், சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: எதற்கு இவ்வளவு கணக்கு? இரவு 12 மணிக்குக் கிளம்பினால் எங்கேயும் ஜாம் கிடையாது. 15 வருடமாக அப்படித்தான் போகிறேன்.

தம்பி, ஜாம் கிடையாது என்பது உண்மை. நானும் அப்படிப் போனவன்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் கிளம்பினோம். மச்சாப் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், விளக்கே இல்லை. ஓரக் கோட்டின் மேல் சக்கரம் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தபோதுதான் கண் விழித்தேன். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ராத்திரிப் பயணத்தை விட்டுவிட்டேன்.

ஜூரோங் வெஸ்ட், மறுபடியும்: நான் பகலில் தூங்கிவிட்டுத்தான் கிளம்புவேன். பகலில் மட்டும் விபத்து நடக்காதா?

புக்கிட் பாத்தோக்: என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்கிறார். அவர் தூங்கிவிடுவாரோ என்று நான் வழி முழுக்க விழித்திருக்கிறேன்.

பகலில் நன்றாகத் தூங்கி, மாற்றி ஓட்ட இன்னொருவரும் இருந்தால் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை பேர் அப்படிக் கிளம்புகிறார்கள்? ஆபீஸ் விட்டு வந்து, பெட்டி கட்டிவிட்டு, அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார்கள். இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் உடம்பு தூக்கத்தைக் கேட்கும், காப்பி குடித்தாலும் கேட்கும். அம்மா, உங்கள் வீட்டுக்காரரை 9 மணிக்கே படுக்கச் சொல்லுங்கள். 5 மணிக்கு எழுந்து கிளம்பினால் நான் மேலே சொன்ன கணக்குக்கு நேரம் சரியாக இருக்கும். நீங்களும் நிம்மதியாக வரலாம்.

தெம்பனிஸ்: பெட்ரோல் அங்கே போய் அடிக்கலாமா?

கிளம்பும்போதே டாங்கில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், இது சிங்கப்பூர்ச் சட்டம். அங்கே நம் வண்டிக்கு ரான் 97 ரகப் பெட்ரோல்தான், ரான் 95 கூடாது.

பொங்கோல்: விஇபி (வெளிநாட்டு வண்டிகள் மலேசியாவுக்குள் நுழைவதற்கான அனுமதி) கட்டாயமா?

கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். விண்ணப்பத்தில் சிக்கல் என்றால் மலேசிய சாலைப் போக்குவரத்து இலாகாவைக் கேளுங்கள்.

சுவா சூ காங்: தைப்பூசத்துக்குப் பத்துமலை போகணும். வண்டியை எங்கே விடுவது?

நல்ல கேள்வி. பத்துமலைக்குக் காரில் போகவே வேண்டாம். அன்றைக்கு எம்ஆர்ஆர் 2 சாலையில் மாட்டினால் நடப்பவர்கள் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்வார்கள். கேடிஎம் கொமுட்டர் ரயில் சிரம்பான், நீலாய், கேஎல் சென்ட்ரல் வழியாகப் பத்துமலை வரை போகிறது. நிலையம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிரம்பானில் ரூம் போட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறுங்கள். கேஎல் ஜாமைப் பார்க்கவே வேண்டியதில்லை.

உட்லண்ட்ஸ்: உட்லண்ட்ஸ் வழியா, துவாஸ் வழியா?

மேலே சொல்லிவிட்டேன். துவாஸ்.

பாசிர் ரிஸ்: பினாங்குப் பாலத்திலும் ஜாம் என்கிறார்களே?

பத்து காவானில் திரும்பி இரண்டாவது பாலத்தில் போங்கள். 2014-இல் திறந்தது, 24 கிலோமீட்டர். ஜார்ஜ் டவுனுக்குக் கொஞ்சம் சுற்று, பயான் லெப்பாஸ் பக்கம் தங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி.

ஹவ்காங்: கேஎல் தாண்டுகிற நேரம் பார்த்து ராத்திரியே கிளம்பினால் என்ன?

வேண்டாம். ஜூரோங் வெஸ்ட் தம்பிக்குச் சொன்னதைத் தயவுசெய்து படியுங்கள்.

கிளமெண்டி: திரும்பி வரும்போது?

ஞாயிறு மாலை துவாஸில் ஊரே நிற்கும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், இல்லையென்றால் வழியில் மலாக்காவில் தங்கி ஞாயிறு விடியலில் கடந்துவிடுங்கள். லீவு முடிந்து திரும்பும்போது அலுப்பு அதிகமாக இருக்கும். கண் கனத்தால் பாகோவில் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் தூங்குங்கள். வீட்டுக்குத் தாமதமாகப் போனால் பரவாயில்லை.