மாலை முழுக்க அழும் குழந்தை, மெத்தென்று ஆன மார்பு: பால் போதவில்லையா?

கேள்வி: சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிறந்தபோது குழந்தையின் எடை 2.9 கிலோ. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வரும்போது 2.7. பதினேழாம் நாள் எடை பார்த்தபோது 3 கிலோ. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மார்பை விட்டு எடுத்தாலே அழுகிறாள். முதல் வாரம் கல்லாகக் கனத்த மார்பு இப்போது மெத்தென்று ஆகிவிட்டது. பம்ப் வைத்து எடுத்தால் 30 மில்லிகூட வரவில்லை. காம்பு வெடித்துவிட்டது, அவள் வாய் வைத்தாலே உயிர் போகிறது. வீட்டில் எல்லோரும் "பால் பத்தலை" என்கிறார்கள். மூன்று நாளாக இரவில் இரண்டு வேளை பவுடர் பாலை பாட்டிலில் கொடுக்கிறோம். வெயிலுக்குச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டச் சொல்கிறார் பாட்டி. என் பாலை மட்டும் நம்பி இவளை வளர்க்க முடியுமா? சில நேரம் நான் நல்ல அம்மா இல்லையோ என்று அழுகை வருகிறது.

பதில்: முடியும். அதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் நாள் 2.7 கிலோ, பதினேழாம் நாள் 3 கிலோ. பன்னிரண்டு நாளில் 300 கிராம், அதாவது நாளைக்கு 25 கிராம். இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே குழந்தை நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். பவுடர் பால் அதற்குப் பிறகுதானே வந்தது? அப்படியானால் அந்த 300 கிராமும் உங்கள் பாலில் ஏறிய எடை. முதலில் 200 கிராம் குறைந்ததும் இயல்புதான். பிறந்த சில நாட்களில் 7 முதல் 10 சதவீதம்வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொடுவது வழக்கம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

எடைக்கு அடுத்து நான் கேட்பது ஈரத்துணியின் கணக்கு. 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது துணி நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் மஞ்சளாக மூன்று நான்கு முறை மலம் போனால் இன்னும் நல்லது. டயபரில் எத்தனை முறை நனைந்தது என்பது தெரியாது. அதனால் இரண்டு நாள் பழைய வேட்டித் துணியைக் கட்டி எண்ணிப் பாருங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நனைந்ததற்கு ஒரு கோடு, பாலூட்டியதற்கு ஒரு புள்ளி. அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். நீங்கள் பேச வேண்டியதை அது பேசும்.

உங்களைப் பயமுறுத்திய மூன்று விஷயங்களும் பால் குறைவுக்கு அடையாளமே அல்ல. முதல் வாரம் மார்பு கல்லாகக் கனத்ததற்குப் பால் மட்டும் காரணமில்லை, அங்கே பாய்ந்த கூடுதல் ரத்தமும் நீர்க்கோர்வையும் சேர்ந்த வீக்கம் அது. இரண்டு மூன்று வாரத்தில் குழந்தையின் தேவைக்கு ஏற்றபடி சுரக்க உடம்பு பழகிக்கொள்ளும், மார்பு மெத்தென்று ஆகும். பம்பில் வரும் அளவை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. குழந்தை சப்பும்போதும், அதன் முகத்தைப் பார்க்கும்போதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். பிளாஸ்டிக் குழலைப் பார்த்து, அதுவும் பதற்றத்தில், அவ்வளவு எளிதாக இறங்காது. சாயங்கால அழுகையும் இந்த வயதுக் குழந்தைகள் பலருக்கு உண்டு. இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் வளர்ச்சி வேகம் எடுக்கும், அப்போது மணிக்கணக்கில் விட்டுவிட்டுக் குடிக்கும். நாளைக்கு வேண்டிய பாலுக்கு இன்றே ஆர்டர் கொடுப்பது போலத்தான் அது.

அந்த ஆர்டர் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியாகக் காலியாகக் கூடும். இரவில் நீங்கள் இரண்டு வேளை பாட்டில் கொடுத்தால் அந்த இரண்டு வேளையும் உங்கள் மார்பு தேங்கி நிற்கிறது, "இவ்வளவு போதும் போல" என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். "ராத்திரியாவது தூங்கட்டும்" என்று பாசத்தோடு நீட்டப்படும் பாட்டில், இருக்கிற பாலையும் குறைக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

சரி, வலிக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் உண்மையாகச் சரிசெய்ய வேண்டியது இதுதான். முதல் சில நாள் வாய் வைத்ததும் அரை நிமிடம் சுரீரென்று இருப்பதுண்டு. இருபதாம் நாளில் காம்பு வெடித்து உயிர் போகிறது என்றால் குழந்தை மார்பைக் கவ்வாமல் காம்பை மட்டும் சப்புகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். வார்டில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. சிசேரியன் ஆன பெண், தையல் இழுக்கும் என்று கட்டிலின் ஓரத்தில் கூனி உட்கார்ந்திருப்பார். குழந்தை மடியில் மல்லாந்து கிடக்கும், முகம் மட்டும் மார்புப் பக்கம் திரும்பியிருக்கும். நீங்களே கழுத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், குழந்தை படும் பாடு புரியும்.

முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை மடியில் போடாமல், குடத்தை இடுப்பில் இடுக்குவது போல உங்கள் பக்கவாட்டில், கைக்கு அடியில் வையுங்கள். அதன் கால் உங்கள் முதுகுப்பக்கம் போகட்டும், தலை உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும். தையலில் பாரம் விழாது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டும் கொடுக்கலாம். எப்படி இருந்தாலும் அதன் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டை வருடுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் பெரிதாகத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள், மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டு போக வேண்டாம். சரியாகக் கவ்வியிருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேலே அதிகம் தெரியும். முதலில் வேகமாகச் சப்பி, அப்புறம் நிதானமாக, இடையிடையே "க்கு" என்று விழுங்கும் மெல்லிய சத்தம் கேட்கும். அது கேட்டால் பால் இறங்குகிறது. வலி தொடர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து, பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புண் பெரிதாகும்.

வெடிப்புக்கு, பாலூட்டி முடித்ததும் கடைசியில் வரும் பால் இரண்டு சொட்டைத் தடவிக் காற்றில் காய விடுங்கள். சோப்பு போட வேண்டாம். நான்கைந்து நாளில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் குழந்தையின் நாக்கடியையும் பார்க்கச் சொல்லுங்கள், சில குழந்தைகளுக்கு நாக்கு ஒட்டியிருப்பதால் சரியாகக் கவ்வ முடியாது. பாலூட்டிய பிறகும் மார்பில் எரிச்சல், குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இருவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். மார்பில் ஒரு பக்கம் சிவந்து, கட்டியாக வலித்து, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்தப் பக்கமும் பாலூட்டலாம். நிறுத்தினால்தான் பால் கட்டி இன்னும் மோசமாகும்.

பவுடர் பாலை நிறுத்துவது உங்களுக்குக் கடினமாக இருக்காது, மூன்று நாள்தானே ஆகிறது. முதல் இரண்டு நாள் ஒரு வேளையை விடுங்கள். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் கொடுங்கள், அடம்பிடித்தால் மறுபடி முதல் பக்கம். அப்புறம் அடுத்த வேளையையும் விடுங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 முறை அவள் குடிக்க வேண்டும். நடுவில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கையால் பீய்ச்சிய உங்கள் பாலைப் பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள், பாட்டில் வேண்டாம். பாட்டிலில் உழைப்பில்லாமல் பால் கொட்டுவதால் சில குழந்தைகள் மார்பில் உழைக்க மறுக்கும். பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த டப்பா தேவையில்லாத வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். திண்டுக்கல் வெயிலுக்கும் அது போதும். தேன், கிரைப் வாட்டர், வசம்பு, கழுதைப்பால் எதுவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஆபத்தானது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மட்டும் கொடுங்கள். பாட்டியிடம் சண்டை வேண்டாம். அந்தச் சங்கையே நன்றாகக் கொதிக்க வைத்து, உங்கள் பாலை ஊட்ட அவரிடம் கொடுங்கள்.

உங்கள் சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பச்சை உடம்பு என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும், காய்கறியை ஒதுக்கிப் பத்தியம் வைப்பதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பசித்தால் சாப்பிடுங்கள், தாகத்துக்குக் குடியுங்கள். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் குழந்தை வாய் வைக்காத மார்பில் எந்தப் பூண்டும் பாலைக் கொண்டுவராது.

உண்மையாகவே பால் குறையும் தாய்மார்களும் இருக்கிறார்கள். தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுவது, மார்பில் செய்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. அவர்களின் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் வேறு பால் சேர்த்துக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் மகளுக்கும் துணி ஆறு முறைக்குக் குறைவாக நனைந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ போனாலோ, பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பில் மஞ்சள் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரவு என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும் இரவுகள் வரும். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் முறையாகத் தாய்ப்பால் கிடைத்தால் ஆண்டுக்கு 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைகளின் சாவையும், மார்பகப் புற்றுநோயால் 20,000 பெண்களின் சாவையும் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும்தான் தாய்ப்பால் பெரிதும் தடுக்கும் நோய்கள். உங்களுக்கு ஜலதோஷம் பிடித்தால் அதை எதிர்க்கும் பொருளை உங்கள் உடம்பு தயாரித்துப் பாலில் அனுப்பும், எந்த டப்பாவிலும் அது கிடையாது. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் என்று சொல்வது இதனால்தான்.

அழுகை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெட்டிய வயிறும் தூங்காத இரவுமாக இருபது நாள் கடந்தவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிரசவமான முதல் இரண்டு வாரத்து அழுகை பெரும்பாலும் தானாகவே அடங்கும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டதால் அடுத்த முறை மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை, குழந்தையைத் தொடவே பயமாக இருக்கிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றே போய்விடுங்கள். இது சிகிச்சையில் குணமாகும் நோய். சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை துணி மாற்றுவதையும், ஏப்பம் விட வைத்துத் தோளில் போட்டு நடப்பதையும் உங்கள் கணவரோ அம்மாவோ பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு அந்த நேரத்தில் பாலூட்டும் வேலை மட்டும் போதும்.

முப்பதாம் நாள் அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். பவுடர் பாலை நிறுத்திய பிறகும் 3 கிலோ 250 கிராமைத் தாண்டியிருந்தால் அந்தக் காலண்டர் தாளோடு பாட்டியிடம் காட்டுங்கள். தாண்டாவிட்டால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போய், பாலூட்டுவதை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.