பர்காவை விற்றது யார்?

கேள்வி: கிரேக்கக் கடற்கரை ஊரான பர்காவைப் பற்றிச் சென்ற இதழில் உருகி எழுதியிருந்தீர்கள். காசு வாங்கிக்கொண்டு, சண்டையே போடாமல் ஊரைத் துருக்கியரிடம் விட்டுப் போனவர்கள்தானே அந்த மக்கள்? அவர்களுக்காக எதற்கு இத்தனை கண்ணீர்?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: பர்காவை விற்றது ஆங்கிலேயர். வாங்கியது, துருக்கி சுல்தானின் ஆளுநராக அந்தப் பகுதியை ஆண்ட அலி பாஷா. ஊர்க்காரர்களின் சம்மதத்தோடு நடந்த வியாபாரம் இல்லை அது.

1401 முதல் 1797 வரை வெனிஸின் ஆளுகையில் இருந்த சிற்றூர் பர்கா. கடலுக்குள் நீண்ட பாறை, அதன்மேல் கோட்டை, சுவரில் வெனிஸின் சிறகு முளைத்த சிங்கம், பின்னால் மலைச்சரிவெங்கும் ஒலிவத் தோப்புகள். நம் நார்த்தங்காயின் இனத்துப் பழம் ஒன்று இங்கே விளைந்தது. யூதர்கள் கூடாரத் திருவிழாவில் கையில் ஏந்தி வழிபடும் பழம் அது. தோலில் மாசு மறு இருக்கக் கூடாது. பர்காப் பழத்துக்கு அவர்களிடம் தனி மதிப்பு.

மலைக்கு அப்பால் யானினாவில் அலி பாஷா. 1798-ல் பக்கத்து ஊரான பிரெவேசாவில் அவன் நடத்திய படுகொலை பர்கா மக்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், 1803-ல் சூலி மலைவாசிகள் அவனிடமிருந்து தப்பி ஓடிவந்தபோது அடைக்கலம் கொடுத்தார்கள். கோழைகள் செய்கிற காரியமா இது?

1814-ல் அந்த மக்களே ஆங்கிலேயரின் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றார்கள். ஐந்தே ஆண்டுகளில் அதே ஆங்கிலேயர் ஊரைக் கைமாற்றினார்கள். முன்னின்று முடித்தவர் சர் தாமஸ் மெய்ட்லண்ட். இலங்கை வாசகர்களுக்குப் பழக்கமான பெயர். 1805 முதல் 1811 வரை அங்கே ஆளுநராக இருந்து, கல்கிசைக் கடலோரத்தில் மாளிகை கட்டிக்கொண்டவர். நீங்கள் சொல்லும் காசு, வீட்டுக்கும் தோப்புக்கும் ஈடாக அலி பாஷா கொடுத்த சுமார் 1,50,000 பவுண்டு. எங்கள் சொத்து இதைவிட எவ்வளவோ பெறும் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள், எடுபடவில்லை.

இருக்கிறாயா, போகிறாயா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார்கள். போகிறோம் என்பதுதான் பதில்.

1819-ஆம் ஆண்டுப் புனித வெள்ளி. மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போனார்கள். அப்பன், பாட்டன், பிள்ளை என்று புதைத்தவர்களையெல்லாம் தோண்டி எடுத்து, எலும்புகளை விறகின்மேல் குவித்துத் தீ வைத்தார்கள். அலி பாஷாவின் ஆட்கள் கால் வைக்கும் மண்ணில் தங்கள் முன்னோர் கிடக்கக் கூடாது என்பது ஒன்றே அவர்களுடைய எண்ணம். சாம்பலையும் கோவில் படங்களையும் எடுத்துக்கொண்டு கோர்ஃபு தீவுக்குப் படகேறினார்கள். ஏறத்தாழ 4,000 பேர்; ஊரே காலி.

பர்காவில் கிரேக்கக் கொடி ஏறியது 1913-ல். கோர்ஃபுவில் காத்துவைத்த சாம்பலும் கோவில் பொருள்களும் 1930-ல் ஊர் திரும்பின. கணக்குப் பாருங்கள், 111 ஆண்டுகள். அதன் பிறகும் "காசு வாங்கிக்கொண்டு போனவர்கள்" என்று எழுத உங்களுக்குக் கை வருமானால், மறுபடி எழுதுங்கள், அதையும் பிரசுரிக்கிறேன்.