பழைய பைபர் கரவனுக்கு உள்வேலை: முதல்ல தண்ணி வாற வழியைப் பாருங்கோ

போன இதழில பைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுறதைப் பற்றி எழுதினாப் பிறகு வந்த கேள்வியளில பாதி கரவனைப் பற்றித்தான். எல்லாம் பழைய பைபர் கரவன், அதுதான் வாகனத்தில கொளுவி இழுக்கிற சின்னச் சக்கர வீடு, எல்லாருக்கும் உள்ளுக்க வடிவாக்க வேணும். அதால இந்த முறை முழுக்க அதுக்கே விடுறன்.

கேள்வி: அண்ணை, எங்கட கெஸ்ட் ஹவுஸ் வளவுக்க ஒரு பழைய பைபர் கரவன் நிக்குது. இவர் ரெண்டு வருசத்துக்கு முதல் பழசா வாங்கினது. உள்ளுக்க இருக்கிறதெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு புதுக் கட்டில், அலுமாரி, சின்னக் குசினி போட்டு அடுத்த சீசனுக்கு ரூமாக் குடுப்பம் எண்டு இருக்கிறம். கதவடியில கால் வச்சாத் தரை அமுங்குது, பூட்டி வச்சிட்டுத் திறந்தா ஈர மணம். ஓடாவியார் மேலால புது பிளைவூட் அடிச்சாச் சரி எண்டு சொல்றார். எங்கயிருந்து தொடங்கிறது? (வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, மேலால பலகை அடிக்க விடாதேங்கோ. அமுங்குற பலகைக்கு மேல புதுசை அடிச்சா ஈரம் ரெண்டுக்கும் நடுவில மாட்டுப்பட்டு, ஒரு மாரி முடிய புதுசும் சேர்ந்து உக்கிப் போகும். பைபர் உக்காது, பலகைதான் உக்கும், பலகை உக்கிறதெண்டா எங்கயோ ஒழுகுது. அந்த இடத்தைப் பிடிக்கிறதுக்கு முதல் மெத்தை, திரைச்சீலை எண்டு ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ.

கூடு எப்பிடிச் செஞ்சது எண்டு விளங்கினா மிச்சம் லேசு. இப்படியான கரவன் பெரும்பாலும் மேல் பாதி ஒண்டு, கீழ்ப் பாதி ஒண்டு, ரெண்டையும் வேற வேற அச்சில வார்த்து இடுப்பில வச்சுப் பொருத்தினது. பைபர்த் தோலால தண்ணி வராது, தோலில போட்ட ஓட்டையளாலதான் வரும். ஜன்னல் ரப்பர், கூரையில இருக்கிற காத்து மூடி, இடுப்பு மூட்டு, இவ்வளவையும் எல்லாரும் பார்ப்பினம். பாக்காமல் விடுறது ரிவெட் ஆணி. உள்ளுக்க இருக்கிற அலுமாரி, தட்டு எல்லாத்தையும் தோலை ஊடறுத்து ரிவெட் அடிச்சுத்தான் பிடிச்சிருப்பாங்கள், வெளியில நிண்டு பார்த்தா சின்னச் சின்னப் பொட்டு மாதிரித் தெரியும், அதுக்குள்ள இருந்த பசை காய்ஞ்சு போயிருந்தா ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு ஓட்டை.

பிடிக்கிற விதம் இதுதான். ஒரு ஆள் உள்ளுக்க டோர்ச்சோட, ஒரு ஆள் வெளியில தண்ணிக் குழாயோட. அடிச்சு ஊத்தக்கூடாது, மழை மாதிரி மெதுவா விடோணும், அதுவும் கீழயிருந்து மேல போகோணும். முதல்ல இடுப்பு மூட்டில பத்து நிமிசம், பிறகு ஜன்னலின்ர அடிப்பக்கம் பத்து நிமிசம், பிறகு மேல்ப்பக்கம், கடைசியாக் கூரை. மேலயிருந்து தொடங்கினா தண்ணி எல்லா இடத்தாலயும் வழிஞ்சு வரும், எது ஓட்டை எண்டு பிடிக்க ஏலாது. உள் சுவரில சூடு குளிர் தடுக்கிற ஃபோம் பஞ்சு ஒட்டியிருந்தா இன்னும் கவனம், கூரையில புகுந்த தண்ணி பஞ்சுக்குப் பின்னால ஓடி வந்து கதவடியிலதான் சொட்டும், உங்கட தரை கதவடியில அமுங்கிறதுக்குக் காரணம் கதவா இல்லாமலும் இருக்கலாம். கண்ட இடத்தில சோக்கால கோடு போடுங்கோ.

அடுத்தது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றன், "எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு" எண்டு எழுதியிருக்கிறியள், அப்பிடி ஒரேயடியாக் கழட்ட வேண்டாம். வீட்டில அலுமாரியை வெளியில எடுத்தா சுவர் நிக்கும். இது மெல்லிசுத் தோல், உள்ளுக்க நிக்கிற அலுமாரியும் தடுப்பும்தான் கூரையைத் தாங்குது. நான் முதன்முதல் உள்வேலை செய்த கரவனில இது தெரியாமல் ஒரு பின்னேரத்தில எல்லாத்தையும் கழட்டிப் போட்டன், அடுத்த நாள் காலமை வந்தா கதவு பூட்டுதில்லை, மேல் மூலையில ரெண்டு விரல் போற அளவுக்கு விலகிப் போச்சு. கூரை அவ்வளவுக்கு இறங்கிட்டுது. அதைத் திரும்பத் தூக்கி நிறுத்த மூண்டு கிழமை போனது, வேலைக்குத் தந்தவருக்கு முகம் குடுக்கேலாமல் இருந்தன்.

அதால கழட்ட முதல் கரவனை டயரில நிக்க விடாமல் நாலு மூலையும் கட்டை வச்சு மட்டம் பாருங்கோ. கதவைச் சுத்தி இருக்கிற இடைவெளியை நாலைஞ்சு இடத்தில அளந்து சுவரிலயே பென்சிலால எழுதுங்கோ. உள்ளுக்க கூரைக்கு ஒரு அகலப் பலகை, அதுக்கு மேல பழைய மெத்தைத் துண்டு, கீழயிருந்து ரெண்டு மரம் முட்டுக் குடுங்கோ. பிறகு ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ, கழட்டினதை எறியாதேங்கோ, புது அலுமாரிக்கு அதுதான் அளவு. புதுசைப் பூட்டி முடிய மட்டும் முட்டுக் குடுத்த மரத்தை எடுக்கக்கூடாது.

தரைக்கு வாறன். ஸ்க்ரூ டிரைவர்ப் பிடியால தட்டிக் கொண்டு போங்கோ, நல்ல பலகை 'டக்' எண்டு கேக்கும், உக்கினது சத்தமே இல்லாமல் மொத்தையாக் கேக்கும். உக்கினதுக்கு அங்கால நல்ல மரம் வாற வரைக்கும் வெட்டி எடுங்கோ. கீழ சேஸிஸ் இரும்பு, அதுதான் கரவனின்ர அடிச்சட்டம், தெரியும், எங்கட உப்புக் காத்துக்கு அது கறல் பிடிச்சுத்தான் இருக்கும், தட்டிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க இதை விட்டா வேற நேரம் கிடைக்காது. புதுப் பலகை மெரின் பிளைவூட்டா வாங்குங்கோ, 12 மில்லிமீற்றர் போதும். காட்போட் மட்டையில அச்சு வெட்டி வச்சுப் பார்த்துத்தான் பலகையை வெட்டோணும், இந்தக் கூட்டுக்குள்ள ஒரு மூலையும் நேர் மூலை இல்லை. வெட்டின பலகையின்ர ரெண்டு முகத்துக்கும், முக்கியமா வெட்டு விளிம்புக்கும் ரெசின் (பைபர் வேலைக்குப் பூசுற பிசின்) பூசுங்கோ, பலகை தண்ணி குடிக்கிறது விளிம்பாலதான்.

பலகையைத் தோலோட பிடிக்கிறதுக்கு மெட் (பைபர் இழைப் பாய்) போட்டு ரெசின் பூச வேணும். இதுக்கு ஆளைத் தேடி அலைய வேண்டாம், திருகோணமலையில பைபர் வேலை தெரிஞ்ச ஆக்கள் கடற்கரை முழுக்க இருக்கினம், கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனாலே காணும். 2004 சுனாமியில உடைஞ்ச வள்ளங்களை ஒட்டி ஒட்டித்தான் நானும் இந்த வேலையில கை பழகினது. ஆனா வள்ளம் வெட்ட வெளியில, கரவன் ஒரு பெட்டி, அதுக்குள்ள வேலை செய்யிறது வேற. ரெசின்ர மணம் தலையைச் சுத்த வைக்கும், மூக்கில துணி கட்டினா அது நிக்காது, தூசு மாஸ்க்கும் காணாது, பெயின்ட் அடிக்கிற ஆக்கள் போடுற கரி வடி உள்ள மாஸ்க் வேணும். ஃபேனை வாசலில வெளிப்பக்கமா வச்சு நல்ல காத்தை உள்ளுக்கு ஊத விடுங்கோ, உள்ளுக்க வைக்காதேங்கோ, துடைக்கப் பாவிக்கிற அசிட்டோன்ர ஆவியும் ஃபேன் மோட்டர்ப் பொறியும் சேரக்கூடாது.

பழைய பைபரில நேரா ஒட்டினா ரெசின் பிடிக்காது. 80 நம்பர் சாண்ட் பேப்பரால மினுக்கம் போற மட்டும் தேய்ச்சு அசிட்டோனால துடைக்கோணும். ரெசினை இறுக வைக்கிற ஹாடனர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராமில இருந்து 20 கிராம் வரை எண்டு சொல்லுவினம், எங்கட வெயிலுக்கு 10 கிட்டவே நில்லுங்கோ, ஒரு தரத்தில அரைக் கிலோவுக்கு மேல கரைக்காதேங்கோ, கோப்பைக்குள்ளயே சூடாகிப் புகைச்சு இறுகிடும். விடிய அஞ்சரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிக்கிறது நல்லம். ரெசின் இறுகிறதை வேகமாக்கிற கோபால்ட்டைத் தனிப் போத்தலில தந்தா அதை முதல்ல ரெசினுக்க நல்லாக் கலக்கிப் போட்டுத்தான் ஹாடனர் விடோணும், அது ரெண்டும் நேருக்கு நேர் ஒண்டா முட்டவே கூடாது, வெடிக்கும். ஹாடனர் ஒரு துளி கண்ணில பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடுங்கோ, பட்டா உடனே தண்ணியால கால் மணித்தியாலம் கழுவிக் கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ.

இதையெல்லாம் கச்சான் காத்து வீசுற மாதங்களில செய்யுங்கோ, ஆனி ஆடியில எல்லாம் காய்ஞ்சு கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு தொடங்கினா பலகைக்குள்ள ஈரத்தை வச்சு மூடுறதாப் போயிடும்.

கேள்வி: மாமா, நான் பிறந்தது வளர்ந்தது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில, இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். 13 அடி போலர் (Boler) பைபர் கரவன் ஒண்டு, எழுபதுகளில செஞ்சது, வாங்கியிருக்கிறன். கதவுக்குப் பக்கத்தில நிக்கிற அலுமாரியை எடுத்தா பிள்ளையளுக்கு இடம் கூடும். எடுக்கலாமா? உள் சுவரில இருக்கிற பஞ்சும் பொடிப்பொடியாக் கொட்டுது. (வாசகர், கனடா)

பதில்: தம்பி, நல்ல சாமான் வாங்கியிருக்கிறியள். அது 1968இல வின்னிபெக்கில ரே ஒலெக்கோ எண்டவர் தொடங்கினது. அவர் அதுக்கு முதல் பைபரில மலசலகூடக் குழித் தொட்டி செஞ்ச ஆள், தொட்டி மாதிரியே லேசா, தண்ணி புகாமல் ஒரு கூடு செய்யலாம் எண்டு யோசிச்சதுதான் உங்கட வாசலில நிக்குது. வெறும் கூடு எண்டபடியாத்தான் அம்பது வருசத்துக்குப் பிறகும் திருத்த ஏலுது.

அலுமாரியில கை வைக்காதேங்கோ. மேல உப்புவெளித் தங்கச்சிக்குச் சொன்னதுதான், உங்கட கரவனில கூரையைத் தாங்கிற தூண் அந்த அலுமாரி. போலர்க் கதவு கூட்டின்ர வளைவோட சேர்ந்து வளைஞ்சிருக்கும், கூரை கொஞ்சம் இறங்கினாலும் கதவு பிடிக்காது, பிறகு அதால தண்ணி. இடம் வேணுமெண்டா அலுமாரியின்ர நடுவில தட்டுப் போட்டுப் பிள்ளையளின்ர உடுப்பை அதுக்க வையுங்கோ. எடுத்தே தீருவன் எண்டா அதே இடத்தில தரையிலயிருந்து கூரை வரைக்கும் ஒரு தூணோ தடுப்போ வர வேணும்.

பஞ்சைச் சுரண்டி எடுங்கோ, மாஸ்க்கோட. உங்கட குளிருக்கு அந்தப் பஞ்சு இருக்க வேணும், இல்லாட்டி ராவில மூச்சுக் காத்து பைபரில பட்டு வேர்த்து மெத்தையில சொட்டும். தண்ணி குடிக்காத, மூடின துவாரப் பஞ்சா வாங்கி ஒரு இடமும் காத்து நிக்காமல் ஒட்டுங்கோ. கட்டில் பலகையில துளை போடுங்கோ, இல்லாட்டி சட்டமாப் போடுங்கோ. மெத்தைக்கு அடியில காத்து போகாட்டி விடிய மெத்தையின்ர அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கோ, நனைஞ்சிருக்கும்.

கேள்வி: ஒழுகுற இடமெல்லாம் சிலிக்கன் அப்பி விட்டன், ஆறு மாதத்தில திரும்ப ஒழுகுது. இன்னொருக்கா அப்பலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: வேண்டாம். சிலிக்கன் பூசின இடத்தில பிறகு பெயின்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது, புதுச் சிலிக்கனே பிடிக்காது. பிளேட்டால சுரண்டி, தேய்ச்சு, துடைச்சு அதை முழுக்க எடுக்கிறது பெரிய வேலை, ஆனா எடுத்துத்தான் ஆகோணும். அதுக்குப் பிறகு ஜன்னல் சட்டத்தைக் கழட்டி பியூட்டில் நாடா வச்சுப் பூட்டுங்கோ, அது காயாமல் பசையாவே இருக்கும். சட்டத்தின்ர ஸ்க்ரூவை ஒரே நாளில முழுக்க முறுக்காதேங்கோ, வெயிலில அது இளகி வெளிய பிதுங்கும், ரெண்டு மூண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி, பிதுங்கினதை வெட்டி விடுங்கோ. ரிவெட்டுக்குப் பதிலா கறல் பிடிக்காத ஸ்டீல் போல்ட், பெரிய வாசர், அதுக்கும் அதே நாடா.

கேள்வி: சின்ன காஸ் அடுப்பு, லைட், ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். உள்ளுக்க எப்படி வைக்கிறது? (வாசகி, நிலாவெளி)

பதில்: அக்கா, சிலிண்டரை உள்ளுக்க வைக்கவே வேண்டாம், நிலாவெளியில வெளியில சமைக்கலாம்தானே, அதுதான் என்ர விருப்பம். கட்டாயம் உள்ளுக்க அடுப்பு வேணுமெண்டா சிலிண்டர் வெளியில பெட்டிக்க நிக்கோணும், அடுப்புக்குக் கீழ தரையில ஒரு ஓட்டை போட்டு வலை அடிச்சு விடுங்கோ. காஸ் காத்தை விடப் பாரம், மேல போகாது, ஒழுகினா தரையில தண்ணி மாதிரித் தேங்கி நிக்கும், ஜன்னல் திறந்திருந்தாலும் போகாது. ஹோஸ் மூட்டில சவர்க்காரத் தண்ணி பூசி நுரைக் குமிழ் வருதோ எண்டு பாருங்கோ, நெருப்புக்குச்சி தட்டிப் பாக்கிறதை இண்டையோட விடுங்கோ.

கரண்ட் வீட்டிலயிருந்து வயர் இழுக்கிறதெண்டா 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கரவனுக்கெண்டு தனிய வேணும், சேஸிஸ் இரும்புக்கு எர்த்தும் குடுக்கோணும். ஈரக் காலோட கடலில குளிச்சுப் போட்டு ஆக்கள் ஏறுற இடம், இதில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. கனடா, அமெரிக்கா ஆக்களின்ர வீடியோவைப் பார்த்து வயரிங் செய்ய வேண்டாம், அங்க 120 வோல்ட், எங்களுக்கு 230.

கேள்வி: உள்வேலை முடிஞ்சுது. வேற ஏதும் செய்யோணுமா? (வாசகர், குச்சவெளி)

பதில்: கரவனை நிலத்தோட கட்டுங்கோ. 2020 டிசம்பரில புரேவிப் புயல் உங்கட பக்கத்தாலதான் கரையேறினது. பைபர் கரவன் நல்ல லேசு, உள்ளுக்க ஆளில்லாட்டி காத்து தூக்கிப் போட்டுடும். சேஸிஸில நாலு மூலையிலயும் வளையம் வெல்டிங் பண்ணி ஒட்டி, நிலத்தில கொங்கிறீட்டுக்க கொக்கி புதைச்சு, சங்கிலியால இழுத்து விடுங்கோ, ஐப்பசிக்கு முதல். கயிறைக் கூட்டுக்கு மேலால சுத்திக் கட்ட வேண்டாம், காத்தில அது அரைச்சு அரைச்சு ஜன்னல் ரப்பரைக் கிளப்பிடும்.