ஓடுகிறார் சரி, நிற்கிறாரா?

கேள்வி: அலுவலக நண்பர்களோடு ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுகிறேன்; அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களை எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. டைனஸ்டி லீக் என்பதால், எடுத்த வீரரை அடுத்தடுத்த ஆண்டுகளும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் கடைசி ஆட்டத்தில், ஜனவரியில், ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்த ரூக்கி (முதலாண்டு வீரர்) ஒருவர் மேல் எனக்கு ஒரு கண். எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவர் அவர். மின்னல் வேகம். ஜூலையிலேயே முழு வேகத்தில் ஓடும் வீடியோ வந்துவிட்டது. நம்பி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் இந்த சீசனை நம்பி வேண்டாம். அந்த வீடியோவை நம்பியும் வேண்டாம்.

தொடை எலும்புக்கு அடியில் கால் எலும்பு முன்னே வழுக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பதுதான் ஏசிஎல்லின் வேலை. நேர்கோட்டில் ஓடும்போது அதற்குப் பெரிய சுமை இல்லை. சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் சோதனை. ரிசீவருக்குச் சோறு போடுவதே இந்த இரண்டும்தான். அதனால் பயிற்சி வீடியோவில் கர்ல் ரூட் (ரூட் என்றால் ரிசீவர் ஓடும் பாதை) ஓடும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பன்னிரண்டு கெஜம் பாய்ந்து ஓடி, பிரேக் போட்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பக்கம் திரும்ப வேண்டும். முழங்காலை நம்புகிறவர் இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று எட்டில் நின்றுவிடுவார். நம்பாதவர் நிமிர்ந்தபடியே குட்டிக் குட்டி எட்டுகள் வைத்து, வளைந்து திரும்புவார்; அதற்குள் அவரைத் தடுக்கும் எதிரணி கார்னர்பேக் வந்து சேர்ந்துவிடுவார். இன்னொன்று: இடப்பக்கம் வெட்டித் திரும்ப வலக்காலைத்தான் ஊன்ற வேண்டும். அடிபட்டது வலக்கால் என்றால், இடப்பக்கம் திரும்பும் ரூட்களை மட்டும் நான்கைந்து தடவை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் நாள் கணக்கு. அடிபட்ட நாளிலிருந்து அல்ல, அறுவை சிகிச்சை நாளிலிருந்து எண்ணுங்கள். ஒட்டுப்போட்ட தசைநார் உடலோடு சேர நாளாகும். 9 மாதத்துக்கு முன்னால் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல். உங்கள் ஆளுக்கு அது அக்டோபர், நவம்பர். ஏசிஎல்லோடு மெனிஸ்கஸையும் (முழங்கால் குருத்தெலும்பு) தைத்திருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். செய்தியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜேமிசன் வில்லியம்ஸ் கதை அப்படியே உங்கள் கேள்விதான். அலபாமா பல்கலைக்கழகத்துக்காக 2021 சீசனில் பந்தைப் பிடித்தே 1,572 கெஜம் குவித்த ரிசீவர். 2022 ஜனவரியில் இறுதிப் போட்டியில் ஏசிஎல் போனது. அப்படியும் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணியான டெட்ராய்ட் லயன்ஸ், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் 32-ஆம் இடத்திலிருந்து 12-க்கு ஏறி வந்து அவரை எடுத்தது. டிசம்பரில்தான் களம் கண்டார். அந்த சீசன் முழுக்க ஒரே ஒரு கேட்ச். 41 கெஜ டச்டவுன். அடுத்த ஆண்டு சூதாட்ட விதிமீறல் தடையால் முதல் 4 ஆட்டம் போக, 354 கெஜம். மூன்றாம் ஆண்டு 1,001. முதல் வருடமே கைகழுவியவர்கள் வயிறெரிந்திருப்பார்கள்.

இதே காயம் பட்ட இன்னொரு ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸ் ரூக்கி ஆண்டிலேயே 801 கெஜம் எடுத்தாரே என்பீர்கள். அவருக்கு அடிபட்டது 2021 மார்ச்சில். என்எஃப்எல்லில் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கும்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் ஆள் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள். கல்லூரியில் அடிபட்ட ரூக்கியை வழக்கமாக என்எஃப்ஐ (என்எஃப்எல்லுக்கு வெளியே அடிபட்டவர்கள்) பட்டியலில்தான் போடுவார்கள். அதிலேயே சீசனைத் தொடங்கினால் குறைந்தது முதல் 4 ஆட்டம் கிடையாது. உங்கள் லீக்கில் என்எஃப்ஐ வீரரை ஐஆர் இடத்தில் (காயம்பட்டவர்களுக்கான தனி இடம்) வைக்க அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் டிசம்பர் வரை பெஞ்சில் ஓர் இடத்தை அவருக்கே விட்டுவைக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் நானாக இருந்தால் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சுற்று தள்ளித்தான் எடுப்பேன்.